ஜப்பார் சாயபுவின் மீன்கள்

1937 ஜூன் 21, திங்கட்கிழமை. கோடை விடுமுறை முடிந்து பூந்தமல்லிக் கல்லூரி திறந்த நாள். காலை எட்டு மணிக்கு விலங்கியல் பேராசிரியர் அப்துல் ஜப்பார் தம் அறையின் பூட்டைத் திறந்தார். உள்ளே ஓர் அடி வைத்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாற்றம் சாலை வரைக்கும் போயிற்று. கரையான்சாவடிப் பக்கம் போன வண்டிக்காரன் ஒருவன் துண்டால் மூக்கைச் சுற்றிக்கொண்டு, "இன்னாய்யா, காலேஜுல மீன் மார்க்கெட் தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அறையின் சுவர்கள் தெரியாதபடி அலமாரிகள். அலமாரிகள் நிறையக் கண்ணாடி ஜாடிகள். செம்பரம்பாக்கம் ஏரியிலும் கூவத்திலும் பிடித்த மீன்கள், ஜாடிக்கு ஒன்றாக. அடித்தட்டில் மட்டும் தவளைகள். இருபது வருட உழைப்பு. மீன் கெடாமலிருக்க ஜாடிகளில் ஸ்பிரிட் நிறைந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் என்றால் கலப்பில்லாத சாராயம்தான். ஊரில் அதை வைத்து ஒரு காலத்தில் பெரிய கேலி நடந்தது. தொழுகை தவறாத சாயபு ரூம் நிறையச் சாராயம் வைத்திருக்கிறார் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஸ்பிரிட், சாராயம் என்ற இரண்டு சொற்களும் அந்த அறையில் யார் வாயிலும் வரக்கூடாது என்று ஜப்பார் வழக்கம் பண்ணிவிட்டார்.

இன்று ஜாடிகளில் இருந்தது அழுக்குப் பால்போல ஏதோ ஒன்று. அதில் செதில்கள் மிதந்தன.

அடுத்த அறைக்காரரான தர்க்க சாஸ்திர விரிவுரையாளர் ஜானகிராமன் ஓடிவந்தார். சாயங்காலங்களில் இந்த அறையில் உட்கார்ந்து டீ குடிப்பது அவர் பழக்கம். குடித்து முடிப்பதற்குள் கண்ணில் நீர் வழியும். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வெளியேறுவார். "என் தவளைங்க உம்மை அழவைக்காம விடாது" என்று ஜப்பார் சிரிப்பார்.

இன்று ஜானகிராமன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்கும்போது ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"ஏப்ரல்லதான் எல்லாத்துக்கும் தண்ணி மாத்தினது, ஜானகி" என்றார் ஜப்பார். கன்னம் நனைந்திருந்தது. "லீவுக்கு முன்னாடி, புதுசா மாத்தினது. ரெண்டு மாசத்துல எப்படி அழுகும்? யாரோ எடுத்துட்டாங்க."

அவர் தோளில் கை வைக்க வேண்டும் என்று ஜானகிராமனுக்குத் தோன்றியது. வைக்கவில்லை.

ஒன்பதரை மணிக்குப் பிரின்சிபால் பரந்தாமன் கூப்பிட்டனுப்பினார்.

"உங்களுக்குத்தான் பாடம் குறைவு, மிஸ்டர் ஜானகிராமன். இதை நீங்கள் விசாரியுங்கள்."

பாடம் குறைவு என்பது மரியாதைக்குச் சொன்னது. சென்ற மார்ச் மாதம் மேலிடத்துப் புது விதிகள் வந்திருந்தன. அவற்றின்படி தாவரவியலும் விலங்கியலும் இனி ஒரே பிரிவு. இரண்டுக்கும் சேர்த்து ஓர் உதவியாள். ஆசிரியர்கள் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பில் நிற்க வேண்டும். ஆராய்ச்சி அதற்குப் பிறகு, நேரம் இருந்தால். தர்க்க சாஸ்திரம் தேவையில்லை. ஜானகிராமன் இப்போது ஆங்கிலக் கட்டுரைகளில் எழுத்துப்பிழை பார்க்கிறவர்.

"புதன்கிழமை மேலிடத்துக் கமிஷன் வருகிறது" என்றார் பரந்தாமன். "விலங்கியலைத் தனிப் பிரிவாக விட்டுவைக்கக் கேட்கலாம் என்றிருந்தேன். அந்த ஜாடிகளைக் காட்டித்தான் கேட்டிருப்பேன். போகட்டும். ஸ்பிரிட் நாம் வரியில்லாமல் வாங்குவது. திருடு போனால் கலால் குற்றம். மூன்று மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவரிடம் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும்."

"பெயர் ஏற்கனவே இருக்கிறதுபோல் தெரிகிறதே."

"துலுக்கானம்."

துலுக்கானம் இருபது வருடம் ஜப்பாரின் அறையில் உதவியாளாக இருந்தவன். ஏப்ரலில் அவனை அங்கிருந்து எடுத்து, மணி அடிக்கப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவன் தாழ்வாரத்தில் நின்று, 'சாயபு ரூம்ல இனிமே ஒரு ஜாடி நிக்காது, பாரு!' என்று கத்தியதைக் கல்லூரியே கேட்டது. கள் குடிப்பவன். அறையின் பழைய சாவியைத் திருப்பித் தராதவன். கலால் வழக்கு என்றால் வேலை போவதோடு நிற்காது, சிறை.

தாழ்வாரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்குக் கீழே துலுக்கானம் குந்தியிருந்தான்.

"சாவி உன்கிட்ட இருக்கா?"

"கீது."

"ஏன் திருப்பித் தரலை?"

"எவன் கேட்டான்? இருவது வருசமா இடுப்புல கீது. ஒடம்போட ஒட்டிப்போச்சு சார்."

"குடிப்பியாமே."

"குடிப்பேன். ஞாயித்துக்கெயமை குடிச்சாலும் திங்கக்கெயமை மணி தப்புதா? நீங்களே சொல்லுங்க."

"ஜாடியில இருந்ததைக் குடிச்சியா?"

துலுக்கானம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "விரால் மீனு ஊறினதையா? ஏன் சார், என்னைப் பார்த்தா மனுசனாத் தெரியலியா?"

"வித்திருக்கலாம்."

"மூடியைத் தொறந்தா மீனு மொறைக்குது. எவன் வாங்குவான்?"

"ஒரு ஜாடி நிக்காதுன்னு சொன்னது?"

"வவுத்தெரிச்சல்ல சொன்னது. அதுக்கும் கேசு போடுவீங்களா?"

"லீவுக்கு முன்னாடியோ லீவுலயோ அந்த ரூமுக்குப் போனியா?"

"உள்ளே காலை வெக்கலை."

உள்ளே என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருந்தது. ஜானகிராமன் அதைக் கவனித்தார். மேலே கேட்பதற்குள் துலுக்கானம் எழுந்து தண்டவாளத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜானகிராமன் மறுபடி விலங்கியல் அறைக்குப் போனார். மூடிகளைச் சுற்றி மெழுகு பூசியிருந்தது. அவசரத்தில் பூசிய மெழுகு அல்ல. விளிம்பு பிசிறாமல், ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரே மாதிரி. ஜாடிகளின் வெளிப்பக்கம் துடைத்துப் பளபளவென்றிருந்தது. திருடன் ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டா போவான்?

குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு தவளை ஜாடியை எடுத்தார். கத்தியால் மெழுகைக் கீறி, மூடியைத் திறந்து, முகத்தருகே கொண்டுபோனார். நாற்றம் மூக்கில் அடித்தது.

ஆனால் கண் எரியவில்லை.

காலையில் குறைந்தது அதுதான். இந்த அறையிலிருந்து அவர் கண்ணைத் துடைக்காமல் வெளியேறியது இன்றுதான் முதல் தடவை.

ஜப்பார் இன்னும் படியில்தான் இருந்தார். தலையில் தொப்பி கோணியிருந்தது.

"தவளை ஜாடியில என்ன இருந்தது, ஜப்பார்?"

"ஃபார்மலின். கொடிய மருந்து. கண்ணை எரிக்கும், குடிச்சா குடல் வெந்துடும். துலுக்கானம் அதும் பக்கமே போகமாட்டான்."

"அதையும் வருஷா வருஷம் மாத்தணுமா?"

"வேண்டியதில்லை. மீனுக்கு மட்டும்தான் மாத்துறது."

"ஏப்ரல்ல யார் மாத்தினது?"

"தங்கவேல். பாட்டனித் தோட்டத்துல செடிக்குத் தண்ணி விட்டுகினு இருந்தானே, அவன். இப்போ ரெண்டு பக்கத்துக்கும் அவன்தான். ஒழுங்கான ஆளு. ஜாடியெல்லாம் கண்ணாட்டம் துடைச்சு வெச்சிருந்தான்."

"ஊத்தும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"நான் அதைக் கையால தொடுறதில்லைன்னு உமக்குத் தெரியாதா? எப்பவும் துலுக்கானம் ஊத்துவான். நான் வெளியே நின்னுக்குவேன். என் கை அவன்தான்." சொல்லிவிட்டு ஜப்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்போ அவனையே பிடிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. நான் வேணாம்னு சொல்லலை, ஜானகி. சொல்ல முடியலை. அந்த மீனைப் பார்த்தீரா?"

ஜானகிராமன் ஆபீசுக்குப் போய்க் குமாஸ்தா சம்பத்திடம் சாமான் அறையைத் திறக்கச் சொன்னார்.

"ஸ்பிரிட் டிரம்மா சார்? ஏப்ரல் முதல் வாரம் வந்தது. இப்போ எல்லாம் பொதுச் சாமான். சாவி எங்கிட்டதான். யாரும் வந்து கேக்கவே இல்லை."

டிரம் மூலையில் நின்றது. மேலே தூசி. மூடியில் கலால் இலாகாவின் ஈய முத்திரை, அறுபடாமல்.

"போன வருஷத்து டிரம்?"

"அது ஜனவரியிலயே காலி."

ஜானகிராமன் தம் அறையில் போய் உட்கார்ந்தார். மேசையில் திருத்தாத நோட்டுகள். ஜாடிகளில் ஏப்ரலில் புதிதாக மாற்றினார்கள் என்பது ஜப்பாரின் சொல். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. இருந்த ஒரே டிரம்மை யாரும் திறக்கவில்லை என்பது ஈயத்தின் சாட்சி. இரண்டும் மெய். அப்படியானால் மூன்றாவதாக ஒன்றும் மெய்யாக இருக்க வேண்டும். இருபது வருடம் இந்தப் பயிற்சியைப் பையன்களுக்கு எழுதிப்போட்டவர் அவர். விடை வந்தபோது சந்தோஷமில்லை. காலையில் படியில் உட்கார்ந்து ஜப்பார் சொன்ன முதல் வாக்கியத்திலேயே அது இருந்தது. இதற்குப் பதில் துலுக்கானம் திருடியிருந்தால் எல்லோருக்கும் இன்னும் சுலபமாகப் போயிருக்கும்.

மூன்று மணி. சப் இன்ஸ்பெக்டர் நாகப்பன் பிரின்சிபால் அறையில் விசிறிக்கொண்டிருந்தார். சுவரோரம் துலுக்கானம். நாற்காலியில் ஜப்பார், தரையைப் பார்த்தபடி.

"பெயர் என்ன?" என்றார் பரந்தாமன்.

"திருட்டே நடக்கவில்லை" என்றார் ஜானகிராமன். "குடிக்கிறவன் எடுத்தான் என்கிறோம். ஃபார்மலினைக் குடிக்கிறவன் உண்டா? தவளை ஜாடிகளிலும் மருந்து இல்லை. அவற்றிலும் வெறும் தண்ணீர். அந்த மருந்தைத் தொடக்கூடாது என்று துலுக்கானத்துக்கு நன்றாகத் தெரியும். ஜாடிகளில் கை வைத்தவன் எது மீன் ஜாடி, எது தவளை ஜாடி என்று வித்தியாசம் தெரியாதவன். ஆனால் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. நிதானமாகத் துடைத்து, மெழுகு பூசி வைத்திருக்கிறான். தங்கவேலைக் கூப்பிடுங்கள்."

"அவன் தோட்டப் பிரிவிலிருந்து வந்தவன். ஸ்பிரிட்டைத் தொட்டாயா என்று ஆபீசில் கேட்டாயிற்று. இல்லை என்றான்."

"உண்மையைத்தான் சொன்னான். நாம் கேட்ட கேள்விதான் தப்பு."

தங்கவேல் வந்தான். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போலீஸ் சட்டையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"பயப்படாதே, தங்கவேலு. லீவுக்கு முன்னாடி சாயபு உன்கிட்ட ஒரு வேலை சொன்னாரே, அதை அவர் சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு வார்த்தை மாறக்கூடாது."

"'பழசெல்லாம் கொட்டிட்டு, எல்லா ஜாடிக்கும் புதுத் தண்ணி ஊத்திடு'ன்னாரு சாமி."

"ஊத்தினியா?"

"ஊத்தாம?" தங்கவேல் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "நல்ல கெணத்துத் தண்ணி சாமி. துணி போட்டு வடிகட்டி ஊத்தினேன். பழசு ஒரே நெடி. கீய்த் தட்டுல இருந்தது கண்ணே அவிஞ்சிபோறாப்புல எரிஞ்சுது. செடிக்கு ஊத்தினா பட்டுப்பூடும்னு சாக்கடையில கொட்டிட்டேன்."

அறையில் விசிறிச் சத்தம் நின்றது.

"தண்ணி" என்றார் ஜப்பார். தமக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல் இன்னொரு தடவை சொன்னார். "தண்ணி."

ஜானகிராமன் இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். சாராயம் என்ற பேச்சு ஜப்பாரின் அறையில் வரக்கூடாது. ஆகவே அங்கே ஸ்பிரிட்டுக்குப் பெயர் தண்ணி. அவரும் துலுக்கானமும் இருபது வருடம் அப்படித்தான் சொன்னார்கள். வேறு யாருக்கும் அது தெரியவேண்டிய அவசியமே வரவில்லை. நாளாவட்டத்தில் அது ஒரு மறைபெயர் என்பதே சாயபுவுக்கு மறந்துபோயிற்று. செடிகளிடமிருந்து வந்த ஆளுக்குத் தண்ணி என்றால் தண்ணீர்.

"அப்போ நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?" என்றார் நாகப்பன்.

"தங்கவேலை" என்றார் பரந்தாமன். "எப்படியும் அவன் கைதானே செய்தது."

"இல்லை." ஜானகிராமன் நண்பரைப் பார்க்காமல் சொன்னார். "செய்தது ஜப்பார். தெரியாமல் செய்தார். ஆளை மாற்றினால் போதும், வேலை தானாக நடக்கும் என்று விதி எழுதியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களை நீங்கள் கூட்டிக்கொண்டு போக முடியாது."

"ஆமா. என் பேரை எழுதிக்குங்க" என்றார் ஜப்பார்.

நாகப்பன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "டிரம் முழுசா இருக்கு. கொட்டினது உங்க சொந்தச் சாமான். ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா அதுக்குப் போட எங்கிட்ட செக்‌ஷன் இல்லை சார்."

அவர் போனபின் பரந்தாமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கமிஷன் வரும்போது அந்த அறை சுத்தமாக இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். இனி விலங்கியல் தனிப் பிரிவு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் ஜப்பார், துலுக்கானத்தின் முன்னால் நின்றார்.

"என்னை மன்னிச்சிடு. உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ மட்டும் அன்னிக்கு அங்கே இருந்திருந்தா..."

"இருந்தேனே."

ஜானகிராமன் திரும்பிப் பார்த்தார்.

"சன்னலாண்ட நின்னுகினு இருந்தேன், சாயபு. அவன் வாளி வாளியாக் கெணத்துத் தண்ணியைத் தூக்கியாந்து ஊத்தினான். பார்த்துகினே இருந்தேன்."

"பார்த்தியா? ஏன்டா சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். வேப்பமரத்தாண்ட நீங்க நின்னுகினு இருந்தீங்க. நான் கிட்ட வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கினீங்க. நாலு நாளா அப்படித்தான் திருப்பிக்கினீங்க." துலுக்கானம் குரலை உயர்த்தவில்லை. "ரூம் வேணுமா, ஆளு வேணுமா, ஒண்ணுதான் மிஞ்சும்னு பிரின்சிபால் கேட்டாராமே. நீங்க ரூமுன்னீங்களாம். சம்பத்து சொன்னாரு. சரி, ரூமைத்தானே கேட்டாரு, ரூமு பார்த்துக்கட்டும்னு போய்ட்டேன்."

ஜப்பார் மறுக்கவில்லை. "ஆமா. ரூமுன்னுதான் சொன்னேன். உன் மூஞ்சியைப் பார்க்க வெக்கமா இருந்துச்சு."

"அது எனக்குத் தெரியாம பூட்சு."

விசாரணை அறிக்கையில் இதை எழுத வேண்டுமா என்று ஜானகிராமன் யோசித்தார். எழுதவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் தங்கவேல் குழி தோண்டினான். யாரும் அவனைத் தோண்டச் சொல்லவில்லை. தோண்டிக்கொண்டே, "நான் பாவி, நான் பாவி" என்றான். "நீ சும்மா இருய்யா, ஆயமாத் தோண்டு" என்று துலுக்கானம் அதட்டினான்.

ஜாடிகளை ஜப்பாரும் துலுக்கானமும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து ஜப்பார் லத்தீன் பெயரைப் படித்தார். துலுக்கானம் கவிழ்த்தான்.

"கெளுத்தி" என்பான். அடுத்ததற்கு, "அயிரை." பிறகு, "உளுவை. இது போரூர் ஏரியில புடிச்சது, நீங்க சேத்துல வியுந்தீங்களே."

"நீதான் தள்ளிவிட்டே."

"அட, நீங்க ஒண்ணு."

ஜானகிராமன் காலி ஜாடிகளை வாங்கி வரிசையாக வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியது. கடைசியாக ஒரு சின்ன ஜாடி வந்தது. அதன் சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஜப்பார் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு லத்தீனு சொல்லலியே சாயபு."

"இதுக்குப் பேர் இல்லை. செம்பரம்பாக்கம் மதகுல நீ கையால பிடிச்சுக் குடுத்தியே, வரி போட்ட மீன். உலகத்துல இதுவரைக்கும் வேற யாரும் பார்த்து எழுதலை. பதினெட்டு மணி கிளாஸ் எடுத்துட்டு வந்தா உட்கார்ந்து எழுத உடம்பு கேக்கலை. இந்த வருஷத்தோட எழுதி முடிச்சிடணும்னுதான் ரூமைக் கேட்டேன்."

துலுக்கானம் ஜாடியை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்தான். தலையில்லை, துடுப்பில்லை. கொழகொழப்பில் ஒரு முள் மட்டும் கிடந்தது.

"இன்னொண்ணு புடிக்கலாமே."

"அதுக்கப்புறம் எத்தனை வருஷம் தேடினோம்?"

"ஆமா. ஆப்டலை."

அவன் முள்ளை விரலால் நிமிர்த்தினான். "சரி, பேராவது வெச்சிடுங்களேன். கரெக்டா ஒரு பேரு."

"வைக்க முடியாது, துலுக்கானம். பேர் வைக்கணும்னா உடம்பைக் காட்டணும். உடம்பில்லாத பேர் செல்லாது."

துலுக்கானம் குனிந்து, மற்ற மீன்கள் கிடந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி அதை வைத்தான். தங்கவேல் மண்ணைத் தள்ளினான்.